"நல்ல மனுசந்தானுங்க, ஆனா ஜெயிக்க மாட்டாருங்க"

2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் சுயேச்சையாக நின்ற ஒருவருக்காக வீடு வீடாக ஏறி இறங்கியபோது நான் மிக அதிகமாகக் கேட்ட வாக்கியம்தான் தலைப்பில் இருக்கிறது. சொன்னவர்களில் ஒருவர்கூட அவரைப் பற்றித் தவறாக ஒரு சொல் சொல்லவில்லை. மோர் கொடுத்தார்கள், இந்த வெயிலில் அலைகிறீர்களே என்று திண்ணையில் உட்கார வைத்தார்கள், அவருடைய நேர்மைக்கு எனக்குத் தெரியாத சாட்சிகளைக்கூட எடுத்துச் சொன்னார்கள். வாக்கை மட்டும் வேறு இருவரில் ஒருவருக்கு என்று ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்கள். அடுத்த தேர்தலைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் டீக்கடை பெஞ்சில் அதே வாக்கியம் திரும்பவும் காதில் விழுவதால், என் மனத்தில் கிடப்பதை ஒருமுறை முழுதாக எழுதிவிட நினைக்கிறேன்.

அவர் பெயரையோ தொகுதியின் பெயரையோ எழுதப்போவதில்லை. அவர் அதை விரும்பமாட்டார். கீழ்பவானிப் பாசனத்தில் நான்கு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி என்று மட்டும் சொல்கிறேன். பவானிசாகரில் புறப்பட்டு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கும் வாய்க்கால் அது. நஞ்சைக்கு ஒரு பருவம், புஞ்சைக்கு ஒரு பருவம் என்று ஒற்றைப்படை மதகுகளும் இரட்டைப்படை மதகுகளும் மாறி மாறித் தண்ணீர் பெறும் ஏற்பாட்டில், ஒவ்வொரு காட்டுக்கும் இன்ன நாள், இன்ன நேரம் என்று முறை உண்டு. எங்கள் கிளை வாய்க்காலில் அந்த முறையைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பார்த்துக்கொண்டவர் அவர்.

ஒரு தை மாதத்து இரவில் என் முறை இரண்டு மணிக்குத் தொடங்க வேண்டியிருந்தது. டார்ச்சை எடுத்துக்கொண்டு மடைக்குப் போனபோது அவர் எனக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். அன்றைக்கு வாய்க்காலில் தண்ணீர் குறைவாக வந்ததால், அவருடைய கடலைக் காட்டில் கடைசி இரண்டு பாத்திகள் நனையவில்லை. இன்னும் அரை மணி நேரம் விட்டால் பாய்ந்துவிடும். பார்க்க ஆள் இல்லை, கேட்டிருந்தால் நானே விட்டுக்கொடுத்திருப்பேன். அவர் கைக்கடிகாரத்தில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். மண்வெட்டியால் நான்கு வெட்டு மண் எடுத்துத் தன் மடையை அடைத்தார், அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மிதித்தார், "உங்க தண்ணி வருதுங்க, போய்ப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்த இரண்டு பாத்திக் கடலை காய்ந்ததை அடுத்த வாரம் நான் பார்த்தேன்.

நான் நேர்மை என்று சொல்லும்போது இதைத்தான் சொல்கிறேன். தன் கையில் அதிகாரமும் இருந்து, தன் பயிருக்குத் தேவையும் இருந்து, கேட்க ஆளும் இல்லாத நேரத்தில் ஒருவர் என்ன செய்கிறார் என்பதை நான் கண்ணால் கண்டேன். சட்டமன்றத்துக்குப் போகிறவரிடம் இதைவிட முக்கியமான தகுதி ஒன்றை நான் எதிர்பார்க்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் தேர்தல் என்று வந்தபோது, இதே மடையில் இதே தண்ணீரைப் பாய்ச்சியவர்கள், அவர் முறை தவறாதவர் என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள், "ஜெயிக்க மாட்டாருங்க" என்று சொல்லி வேறு பொத்தானை அழுத்தினார்கள்.

இந்த வாக்கியத்தை நாம் "இந்த வருசம் மழை வராது" என்பதைப் போலவே சொல்கிறோம். மழை நம் கையில் இல்லை. ஒருவர் ஜெயிப்பதும் தோற்பதும் நம் விரலில் இருக்கிறது. ஜெயிக்க மாட்டார் என்று ஆயிரம் பேர் தனித்தனியாக முடிவு செய்து, அந்த முடிவினாலேயே அவரைத் தோற்கடித்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆயிரம் பேரும் திருப்தியடைகிறோம். ஓட்டை வீணாக்கக் கூடாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அப்படியானால், பல தொகுதிகளில் இரண்டாவதாக வந்தவருக்கு விழுந்த எழுபதாயிரம், எண்பதாயிரம் வாக்குகளும் வீண்தானே? அவற்றை யாரும் வீண் என்று சொல்வதில்லை. பெரிய கட்சிக்குப் போட்டுத் தோற்றால் அது போட்டி, தெரிந்த நல்லவருக்குப் போட்டுத் தோற்றால் அது வீண் என்று நாம் எங்கே கற்றுக்கொண்டோம்?

தோல்வியைத் தகுதியின் அளவுகோலாக எடுத்துக்கொண்டால் இந்த மண்ணின் வரலாறே தலைகீழாகிவிடும். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி.சுப்பிரமணியம், மத்திய உணவு, வேளாண்மைத் துறை அமைச்சராக இருந்து பசுமைப் புரட்சிக்கு வழி போட்டவர். 1967 தேர்தலில் அவர் தோற்றார். எளிமைக்கும் நேர்மைக்கும் எதிர்க்கட்சிக்காரர்களாலும் மதிக்கப்பட்ட இரா.நல்லகண்ணு 1999இல் கோவை மக்களவைத் தொகுதியில் நின்றார். பெரிய கூட்டணியின் வேட்பாளராகவே நின்றார்; அப்படியும் தோற்றார். அந்த இரண்டு தோல்விகளுக்கும் அன்றைய அரசியலில் காரணங்கள் இருந்தன, அவற்றை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் தோற்றதால் அவர்கள் மேல் நமக்கிருந்த மதிப்பு ஒரு குன்றிமணியளவும் குறையவில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இனி பணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதைச் சொல்லாமல் மற்றதைப் பேசுவது ஒப்புக்குப் பேசுவதாகிவிடும். வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் ஊரில் எனக்குப் பாட்டி முறையாகும் ஒரு அம்மாவைப் பார்க்கப் போனேன். தண்ணீர் முறையில் ஒரு பங்காளித் தகராறு வந்தபோது, எங்கள் வேட்பாளர் நின்று பேசித் தீர்த்து வைத்ததால்தான் அந்த அம்மாவின் ஒன்றரை ஏக்கர் பிழைத்தது. அதை அந்த அம்மா மறக்கவில்லை. "அவருக்குத்தான் கண்ணு போடோணும்னு இருந்தேன். நேத்து ராத்திரி வந்து பணம் குடுத்துப்போட்டுப் போயிட்டாங்க. வேண்டாம்னு சொல்ல முடியல. வாங்கிப்போட்டு மாத்திக் குத்துனா அது பாவமில்லையா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

நான் அன்று பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் தூக்கம் பிடிக்கவில்லை. தமிழில் சொல் கொடுப்பதும் வாக்கு, ஓட்டும் வாக்கு. கொடுத்த சொல்லைக் காப்பாற்றுவது அந்த அம்மாவின் ரத்தத்தில் ஊறியது. கைநீட்டி வாங்கிய பிறகு மாற்றி நடப்பது அவர் அறிந்த அறத்துக்குப் புறம்பானது. பணம் கொடுப்பவர்கள் அவருடைய பேராசையை நம்பிக் கொடுக்கவில்லை, நாணயத்தை நம்பித்தான் கொடுக்கிறார்கள். ஏழைகளின் நேர்மையை முதலாக வைத்து நேர்மையற்றவர்கள் வாக்குச் சேகரிக்கிறார்கள் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் வலிக்கிற இடம். இப்போது கேட்டால் நான் சொல்லும் பதில் இது: அது விலையல்ல, வெறும் குற்றம், கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம் என்று சட்டம் சொல்கிறது, குற்றத்துக்குள் பிறந்த சத்தியம் யாரையும் கட்டாது. ஆனால் இதை வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் போய்ச் சொல்லிப் புரியவைக்க முடியாது. வருடக்கணக்காகப் பேச வேண்டிய பேச்சு இது.

கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியில் 2016 மே மாதத்தில் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் வாக்குப்பதிவையே ரத்து செய்தது. தஞ்சாவூரும் அதில் சேர்ந்தது. நவம்பர் 19ஆம் தேதி மறுபடி தேர்தல் நடந்தபோது, அரவக்குறிச்சியில் இரு பெரும் கட்சிகளும் அதே வேட்பாளர்களையே மீண்டும் நிறுத்தின. ஒரு தேர்தல் ரத்தான பிறகும் வேட்பாளரை மாற்றத் தோன்றவில்லை என்றால், நாம் கேட்கமாட்டோம் என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

சுயேச்சைக்கு விதிகளும் எளிதாக இல்லை. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சையைப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். இந்த விதி வந்ததற்கே நம் பக்கத்து மொடக்குறிச்சி ஒரு காரணம். 1996இல் விவசாயிகள் தங்கள் குறைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்று ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே வேட்புமனு போட்டு, மொத்தம் 1,033 பேர் களத்தில் நிற்க, வாக்குச்சீட்டைப் புத்தகம்போல் அச்சடிக்க வேண்டியதாயிற்று. பலருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. அதே ஆண்டில் சட்டமன்றத் தேர்தலுக்கான டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள்; இப்போது பொதுப் பிரிவினருக்கு அது 10,000. பதிவான செல்லுபடியாகும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் அது திரும்பி வராது. பெரிய கட்சியின் சின்னம் எல்லாருக்கும் மனப்பாடம். சுயேச்சைக்கோ வாபஸ் பெறும் நேரம் முடிந்த பிறகுதான் சின்னம் கிடைக்கும். 2021இல் அது மார்ச் 22. பிரச்சாரம் ஏப்ரல் 4 மாலையில் ஓய்ந்துவிட்டது. இரண்டு லட்சத்துக்கு மேல் வாக்காளர் உள்ள தொகுதியில் ஒரு புதுச் சின்னத்தைக் கொண்டுசேர்க்க அவருக்குக் கிடைத்தது அந்தப் பதிமூன்று நாட்கள்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அவருடைய பக்கத்துத் தவறைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவனாக மாட்டேன். என்னைத் தெரியும், என் நடத்தை தெரியும், வேறென்ன வேண்டும் என்று அவர் நினைத்தார். அவரைத் தெரிந்தது எங்கள் கிளை வாய்க்காலின் ஏழெட்டு ஊர்களுக்கு; தொகுதியில் ஊர்கள் நூற்றுக்கு மேல். தன்னைப் பற்றித் தானே பேசுவது அவருக்குக் கூச்சம். வாக்குச்சாவடிகளுக்கு ஏஜென்ட் போட வேண்டும் என்று நாங்கள் சொன்னபோது, "ஓட்டுப் போடறவங்களுக்கு மனசாட்சி இருக்குதுங்க, காவல் எதுக்கு" என்றார். முந்நூறு சாவடிகளில் எங்களுக்கு ஆள் இருந்தது நாற்பதுக்கும் குறைவு.

நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சாவடியில் உட்கார்ந்தேன். காலையில் மாதிரி வாக்குப்பதிவுக்கே இரு பெரும் கட்சிகளின் ஏஜென்ட்களும் வந்துவிட்டார்கள். வாக்காளர் பட்டியலை மடியில் வைத்து, வந்து போட்டவரின் பெயரை அளவுகோல் வைத்து நேராக அடித்துக்கொண்டே வந்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, இன்னும் வராதவர்களின் வரிசை எண் எழுதிய துண்டுச்சீட்டு வெளியே போயிற்று; கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுக்காரர்கள் வந்து வரிசையில் நின்றார்கள். இதில் சட்டவிரோதமோ அநியாயமோ எதுவும் இல்லை. உழைப்பும் ஒழுங்கும்தான் இருக்கின்றன. மாலையில் வாக்குப்பதிவுக் கணக்கான 17சி படிவத்தின் நகலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, எங்கள் வேட்பாளருக்குப் போடுவதாகச் சொன்ன எத்தனையோ பேர் காட்டு வேலையில் மறந்து வராமலே போனதை நான் கண்ணால் பார்த்திருந்தேன். அவர்களை நினைவூட்டி அழைக்க எங்களுக்கு ஓர் ஆள் இல்லை. மடைக்கு நள்ளிரவில் காவல் நின்றவர், வாக்குக்குக் காவல் எதற்கு என்று கேட்டது சரியல்ல என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

டெபாசிட் போயிற்று. முடிவு வந்து முப்பது நாளுக்குள் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும் என்பதால், டீ வாங்கிய ரசீதிலிருந்து ஆட்டோவில் கட்டிய ஒலிபெருக்கி வாடகை வரை நோட்டில் ஒட்டி, நாள்வாரியாகக் கூட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தத் தேர்தலில் சட்டம் அனுமதித்த உச்சவரம்பு 30,80,000 ரூபாய். அவருடைய மொத்தச் செலவு இரண்டு லட்சத்தை எட்டவில்லை.

நேர்மையானவர் ஜெயித்தாலும் தனி ஆளாக என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறையைக் காட்டுகிறேன். 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே ஊராட்சித் தலைவராக இருந்த ஆர்.சண்முகத்தின் காலத்தில், வங்கிக் கடன் வாங்கி ஊராட்சியே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. 2006இல் அது ஓடத் தொடங்கியது. ஊரின் தேவைக்குப் போக மிச்ச மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்கப்பட்டது. ஒரு ஊராட்சியை நம்பி வங்கி கடன் கொடுத்திருக்கிறது, அந்தக் கணக்கில் பொதுப்பணம் ஒழுங்காக நின்றிருக்கிறது என்பதுதான் என்னைக் கவர்ந்தது. அங்கே மக்கள் நேர்மையைப் பேச்சாகக் கேட்டுவிட்டு ஓட்டுப் போடவில்லை; குடிநீராகவும் விளக்காகவும் பார்த்த பிறகு போட்டார்கள். எங்கள் வேட்பாளரும் தன் ஏழெட்டு ஊர்களில் தண்ணீராக அதைக் காட்டியவர்தான். மீதி ஊர்கள் அதைப் பார்க்க வாய்ப்பே இல்லாமல் போயிற்று, அதற்கு அவரும் நாங்களும் பொறுப்பு.

போன மாதம் அவரைப் பார்த்து, அடுத்த முறையும் நிற்க வேண்டும் என்று கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஆள் இருந்தா நிக்கலாமுங்க" என்றார். முந்நூறு சாவடிக்கும் சாவடிக்கு ஓர் ஆள் என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை 57 பேர் சேர்ந்திருக்கிறார்கள். அன்று என்னிடம் பாவமில்லையா என்று கேட்ட அம்மாவின் பேரன் அதில் ஒருவன்.