கடனாளி அப்பாவின் பிள்ளை

எல்ஜின் பிரபு என்றதும் ஏதென்ஸில் உள்ள பழைய கிரேக்கக் கோயிலான பார்த்தெனானின் சிற்பங்களைப் பெயர்த்துக்கொண்டு போனவர்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். எனக்கு அவருடைய மகன் ஜேம்ஸ் புரூஸைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அப்பா, கிரேக்கத்தை அப்போது ஆண்ட ஒட்டோமான் பேரரசில் பிரிட்டிஷ் தூதர். சிற்பங்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்ததில் 70,000 பவுண்டுக்கு மேல் செலவு என்று கணக்குக் காட்டினார். 1816இல் அரசு கொடுத்ததோ 35,000. நடுவில் பிரான்சில் சிறை, அப்புறம் விவாகரத்து. இரண்டாம் மனைவிக்கு 1811இல் பிறந்த ஜேம்ஸுக்கு, 1841இல் பிரபுப் பட்டத்தோடு கடனும் வந்து சேர்ந்தது. உட்கார்ந்து சாப்பிட வழியில்லாத பிரபு! சம்பளத்துக்காகக் கடல் கடந்தார். மறு வருடமே ஜமைக்கா ஆளுநர். முதல் மனைவி அங்கேயே இறந்துபோனார்.

அடுத்து கனடாவின் தலைமை ஆளுநர். 1849 ஏப்ரலில், முந்தைய கிளர்ச்சியில் சொத்து இழந்தவர்களுக்கு இழப்பீடு தரும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். கிளர்ச்சி செய்த பிரெஞ்சுக்காரர்களுக்கும் பணமா என்று கொதித்தெழுந்த ஆங்கிலேயக் கூட்டம் அவர் வண்டிமேல் முட்டை வீசியது, மான்ட்ரியலில் நாடாளுமன்றக் கட்டடத்தையே கொளுத்தியது. வீட்டில் இரண்டாம் மனைவி நிறைமாதம். மூன்று வாரத்தில் மகன் விக்டர் பிறந்தான். அப்படியும் அந்தக் கூட்டத்தின்மேல் அவர் படையை ஏவவில்லை. இந்தப் பொறுமையை மெச்சாமல் இருக்க முடியாது.

சரி, அதே மனிதர் இரண்டாம் அபினிப் போரின்போது பிரிட்டிஷ் தூதராகச் சீனாவுக்குப் போய் என்ன செய்தார்? 1857இல் கான்டன் (இன்றைய குவாங்சோ) நகரைக் குண்டுவீசித் தாக்கும் முன், வாழ்நாளில் இப்படி வெட்கப்பட்டதில்லை என்று எழுதினார். எழுதிவிட்டுத் தாக்கினார். 1860இல் வெள்ளைக்கொடியோடு பேசப் போனவர்கள் பிடிபட்டுச் சித்திரவதையில் பலர் செத்தார்கள். பதிலடியாக பீக்கிங்குக்கு (இன்றைய பெய்ஜிங்) வெளியே இருந்த சீனப் பேரரசரின் கோடை அரண்மனையைக் கொளுத்தச் சொன்னார். கூட்டாளியான பிரெஞ்சுத் தூதரே அதில் சேர மறுத்துவிட்டார்.

மென்மையானவர், மனசாட்சி உள்ளவர் என்று அவருக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. என்னால் ஏற்க முடியவில்லை. முட்டை வீசிய வெள்ளைக்காரர்களிடம் காட்டிய பொறுமையைச் சீனர்களிடம் ஏன் காட்டவில்லை? தப்பு என்று தெரியாமல் செய்தவனையாவது மன்னிக்கலாம். இவர் தெரிந்தே செய்தார், நாட்குறிப்பிலும் எழுதிவைத்தார்.

1862இல் இந்திய வைஸ்ராய் ஆனார். மறு வருடமே இமயமலைப் பயணத்தில் உடல்நலம் கெட்டு, 52 வயதில் தர்மசாலாவில் இறந்தார். அங்கே தேவதாரு மரங்களுக்கு நடுவில் உள்ள தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது. 1894இல் அதே வைஸ்ராய் பதவிக்கு இன்னொரு எல்ஜின் பிரபு வந்து இறங்கினார்: மான்ட்ரியல் கலவரத்தின்போது தாய் வயிற்றில் இருந்த விக்டர்.