எம்பார்காடெரோ இடிந்து விழவில்லை, இடிக்கப்பட்டது

“1989 நிலநடுக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவின் எம்பார்காடெரோ ஈரடுக்குச் சாலை இடிந்து விழுந்தது, ஊரே ஒருமனதாக அதைக் கைவிட்டது” என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

விழுந்தது வளைகுடாவின் மறுகரையில், ஓக்லாந்தில் இருந்த சைப்ரஸ் ஈரடுக்குச் சாலை. மேல்தளம் அப்படியே கீழ்தளத்தின் மேல் உட்கார்ந்ததில் 42 பேர் இறந்தார்கள். எம்பார்காடெரோவுக்குச் சேதம்தான், மூடிவிட்டார்கள், ஆனால் நின்றுகொண்டிருந்தது. 1991-ல்தான் இடிக்கத் தொடங்கினார்கள்.

ஒருமனதாகவா? 1986-ல் இடிக்கும் திட்டத்தை வாக்கெடுப்பில் நிராகரித்ததே நகர மக்கள்தான். நிலநடுக்கத்துக்குப் பிறகும் சைனாடவுன் வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். வாடிக்கையாளர்கள் வருவதே அந்த வழியாகத்தானே! இடிக்கும் பக்கம் நின்ற மேயர் ஆர்ட் ஆக்னோஸ் 1991 தேர்தலில் தோற்றதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

அப்புறம், எம்பார்காடெரோவை இடித்ததால் திறந்துகொண்ட கடற்கரையின் அழகையே பேசிக்கொண்டிருந்தால் மேற்கு ஓக்லாந்து விட்டுப்போகிறது. 1950களில் சைப்ரஸ் சாலை அந்தக் கறுப்பினக் குடியிருப்பை இரண்டாகப் பிளந்தது. விழுந்த பிறகு அதே இடத்தில் மறுபடி கட்டக் கூடாது என்று போராடியவர்கள் அங்கே வாழ்ந்தவர்கள்தான். 1997-ல் திறந்த புதிய சாலை ரயில் யார்டுகளை ஒட்டிச் சுற்றிப் போகிறது. பழைய தடத்தில் இப்போது மண்டேலா பார்க்வே, நடுவே மரங்களும் நடைபாதையும்.