பூட்டி வைத்த வரைபடம் யார் கண்ணுக்குத் தெரியாது?

செயற்கைக்கோள் படங்களை எல்லோருக்கும் திறந்துவிடலாமா என்று பேசிய சனிக்கிழமை ஜூம் கூட்டத்தின் கிளிப்பை ஆளாளுக்கு எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். நான் அங்கேதான் இருந்தேன், போதும். "நிசார் படங்களை உலகத்துக்கே சும்மா கொடுப்பது வீட்டுச் சாவியைத் தெருவில் வீசுகிற மாதிரி" என்று அங்கே பேசிய ஓர் ஐயா சொன்னதும் திரை முழுக்கக் கைதட்டல். நான் வாயைத் திறந்தபோது "நேரமாகிவிட்டது சார்" என்றார்கள். சரி, இங்கே நேரம் என்னுடையது.

நிசார், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த ரேடார் செயற்கைக்கோள். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அதற்கு ராத்திரியும் ஒன்றுதான், அடைமழை மேகமும் ஒன்றுதான். 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு வந்து, நிலம் சில சென்டிமீட்டர் இறங்கியிருந்தாலும் காட்டிக்கொடுக்கும். ஆனால் உங்கள் மொட்டை மாடியில் காயும் வடகம் அதற்குத் தெரியாது, ஐயா. பயப்படாதீர்கள்.

மறைத்தால் மறைவது நம் கண்ணுக்கு மட்டும்தான். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2004இல் கல்லூரி ஆய்வுக்காக மரக்காணம் பக்கத்து ஏரிகளின் டோப்போ ஷீட், அதாவது அரசின் நில அளவை வரைபடம், கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். கடிதம், துறைத் தலைவர் கையெழுத்து, மறுபடி கடிதம். கடைசியில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமலே சொன்னார்: "கடலோரம் தம்பி, தர மாட்டோம்." நான் அந்த ஊர்க்காரன். அந்த ஏரியில்தான் நீச்சல் பழகினேன். சில வருடம் கழித்து டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்தைத் தற்செயலாகத் திறந்தால், 1950களில் அமெரிக்க ராணுவம் அச்சிட்ட வரைபடத்தில் எங்கள் ஏரிகள் நீலமாகக் கிடக்கின்றன! யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அப்படியென்றால் அத்தனை நாள் அதை யாரிடமிருந்து காப்பாற்றினார்கள்? என்னிடமிருந்து.

"அப்போ ராணுவ ரகசியம்?" என்பீர்கள். நியாயம்தான். ராணுவத் தளத்தைத் துல்லியமாகக் காட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. நம் அரசின் 2021 வரைபட விதிகளே ஒரு மீட்டரைவிட நுணுக்கமான வரைபடத் தகவலை வெளிநாட்டு நிறுவனங்கள் உருவாக்கவிடாமல் வைத்திருக்கின்றன. அது இருக்கட்டும்.

"வெளிநாட்டுக் கம்பெனி லாபம் பார்க்குமே?" பார்க்கட்டுமே! அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படம் ஒன்று ஒரு காலத்தில் 600 டாலர். 2008இல் அமெரிக்கா அதை இலவசமாக்கியது. அதற்கப்புறம்தான் என்னைப் போல ஓட்டை லேப்டாப் வைத்திருந்தவனெல்லாம் காடு, வயல், ஏரி என்று வேலை பார்க்க முடிந்தது. ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள் படங்களும் சும்மாதான். அவர்கள் கொடுத்ததை இத்தனை வருடம் கைநீட்டி வாங்கிக்கொண்டோம். நாம் கொடுக்கவேண்டிய முறை வந்ததும் சாவி ஞாபகம் வருகிறதா?

கொடுக்கிறவன் கதவைச் சாத்தினால் எப்படியிருக்கும் என்பதையும் பார்த்தாகிவிட்டது. அதே 2025இல், தன் பழைய வானிலைச் செயற்கைக்கோள்களின், மேகத்தைத் தாண்டிப் புயலின் உள்ளே காட்டும் மைக்ரோவேவ் தரவை நிறுத்தப்போவதாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அறிவித்ததும் புயல் கணிப்பவர்கள் பதறிப்போனார்கள். அப்புறம் அந்தத் துறை முடிவை மாற்றிக்கொண்டது. இனி வரும் காலம் இப்படித்தான்: எத்தனை செயற்கைக்கோள் மேலே சுற்றுகிறது என்பதைவிட, எவன் எப்போது குழாயை மூடுவான் என்பதே கவலை.

என்னை "கைக்கூலி" என்று எழுதிய தம்பிக்கு ஒன்று. 2016இல் நம் நாட்டில் ஒரு வரைவு மசோதா வந்தது. வரைபடத்தில் எல்லையைத் தப்பாகக் காட்டினால் 100 கோடி ரூபாய் வரை அபராதம், ஏழு வருடம் வரை சிறை. நல்லவேளை, வரைவோடு நின்றது. வரைபடம் போட்டவனுக்கு ஏழு வருடம் என்றால் ஏரியைத் தூர்த்தவனுக்கு எத்தனை, தம்பி? உண்மையில் வரைபடத்துக்கு அஞ்சுகிறவன் எல்லைக்கு அந்தப் பக்கம் இல்லை, நிலப் பத்திரத்தோடு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறான்.

அந்த டெக்சாஸ் வரைபடத்தைப் பிரிண்ட் எடுத்து பீரோவில் வைத்திருக்கிறேன். அதில் எங்கள் ஊரைச் சுற்றி நான்கு ஏரி. போன பொங்கலுக்குப் போனபோது இரண்டுதான் இருந்தன. மூன்றாவதில் கல்யாண மண்டபம், ஏசி ஹால். நான்காவதில் மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள், மஞ்சள் பெயிண்ட் அடித்து.