டிஎன்எஸ் மாற்றினால் மட்டும் போதாது

கோப்புப் பரிமாற்றத்தை கிளவுடுக்கு மாற்றும்போது டிஎன்எஸ் பெயரை (சர்வரைத் தேடிச் செல்லும் இணையப் பெயரை) புதிய சேவைக்குத் திருப்பினால் போதும், எஸ்எஃப்டிபி (கோப்புகளைப் பாதுகாப்பாக அனுப்பும் முறை) வழியாக வரும் பார்ட்னர் நிறுவனங்கள் எதையும் தொட வேண்டியதில்லை என்று இந்த விவாதத்தில் ஒருவர் சொல்லியிருக்கிறார். பலரும் அதை ஆமோதித்திருப்பதால் ஒரு சிறு திருத்தம்.

எஸ்எஃப்டிபி கிளையன்ட் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. முதல் இணைப்பின்போது சர்வரின் ஹோஸ்ட் கீயையும், அதாவது அந்த சர்வரை அடையாளம் காட்டும் சாவியையும், குறித்து வைத்துக்கொள்கிறது. அதே பெயரில் வேறு கீ வந்தால், நடுவில் யாரோ புகுந்திருக்கலாம் என்று சந்தேகப்படும். பரவலாகப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள் இயல்பான அமைப்பில் எச்சரித்துவிட்டு இணைப்பையே மறுத்துவிடும். ஆள் உட்கார்ந்து அனுப்பும் இடத்தில் உடனே தெரிந்துவிடும். நள்ளிரவில் தானாக ஓடும் ஜாப்பில் காலையில்தான் தெரியும், அதுவும் யாராவது லாக் பார்த்தால்!

நீங்களே சரிபார்க்கலாம். பழைய சர்வர், புதிய சர்வர் இரண்டின் மீதும் எஸ்எஸ்எச்-கீஸ்கேன் (ssh-keyscan) கட்டளையை ஓட்டி, கிடைப்பதை எஸ்எஸ்எச்-கீஜென் (ssh-keygen) கட்டளைக்கு 'எல்எஃப்' (-lf) ஆப்ஷனோடு கொடுங்கள். வரும் எஸ்எச்ஏ256 ஃபிங்கர்பிரிண்டுகளை (கீயின் சுருக்கமான அடையாளக் குறியீடுகளை) ஒப்பிடுங்கள். ஒரே வகைக் கீயைத்தான் ஒப்பிட வேண்டும்; ஆர்எஸ்ஏ வகைக் கீயை ஈடி25519 வகைக் கீயுடன் ஒப்பிட்டால் எப்படியும் பொருந்தாது.

வேறாக இருந்தால், பழைய ஹோஸ்ட் கீயைப் புதிய சேவையில் ஏற்ற முடியுமா என்று பாருங்கள். அமேசானின் கிளவுட் கோப்புப் பரிமாற்றச் சேவையான ஏடபிள்யூஎஸ் டிரான்ஸ்ஃபர் ஃபேமிலியில் முடியும், எல்லாச் சேவையிலும் முடியாது. முடியாவிட்டால் புதிய ஃபிங்கர்பிரிண்டை மாற்றத்துக்கு முன்பே பார்ட்னர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.