தோற்கிறவனுக்கும் நேரம் கொடுங்க

2025 டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை காலை. வாஷிங்டனில் அப்போது சனிக்கிழமை ராத்திரி. யார் ஜெயிப்பார் என்பதைக் கம்பெனியே முன்கூட்டி எழுதிவைக்கிற டபிள்யூ.டபிள்யூ.இ ரெஸ்லிங்கில், தன் கடைசி மேட்ச்சில் ஜான் சீனா, குந்தரின் ஸ்லீப்பர் என்கிற கழுத்துப் பிடியில் கிடந்து, லேசாகச் சிரித்துவிட்டு டேப் அவுட் பண்ணினார், அதாவது கையைத் தட்டித் தோல்வியை ஒத்துக்கொண்டார். ரெண்டு நிமிஷத்தில் நொய்டாவிலிருந்து அக்கா மகன் போன்.

"மாமா, பாத்தீங்களா? 'நெவர் கிவ் அப்'னு இருபது வருஷமா சொன்ன மனுஷன கடைசி நாள்ல கிவ் அப் பண்ண வெச்சுட்டாங்க மாமா."

27 வயசுப் பையன், குரல் கம்மியிருந்தது. அன்றைக்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. அதனால் என் பங்கை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

சீனா தோற்றது சரி. ரிங்கை விட்டுப் போகிறவர், இருக்கிறவரிடம் தோற்றுவிட்டுப் போவது இந்தத் தொழிலின் பழைய மரியாதை. 'சீனாவை டேப் பண்ண வெச்சவன்' என்கிற பேர் குந்தருக்கு இனி ஆயுசுக்கும் சொத்து. என் குறை வேறு. சீனா ஒருநாள் விட்டுக்கொடுப்பார் என்பதற்கு அந்த வருஷம் முழுக்கக் கதையில் எங்கேயும் விதை போடவில்லை. மார்ச்சில் டொரன்டோவில் கோடி ரோட்ஸை அடித்து ஹீல், அதாவது வில்லன் ஆனார். ஏப்ரலில் லாஸ் வேகஸில் 17வது உலகப் பட்டம். ஆகஸ்ட்டில் திடீரென்று பழைய நல்லவர். செப்டம்பரில் பிராக் லெஸ்னர் வந்து துவைத்துப் போட்டார். இதற்கு நடுவில் ஒரே ஒரு காட்சி வைத்திருக்கலாம்: உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று அவரே ஒத்துக்கொள்கிற மாதிரி, யாரிடமாவது. அது இருந்திருந்தால் அந்தச் சிரிப்பு எங்களுக்குப் புரிந்திருக்கும். அழுதிருப்போம், ஆனால் கோபப்பட்டிருக்க மாட்டோம்.

விதை போட்ட தோல்வி எப்படி இருக்கும் என்று இதே கம்பெனிதான் ஒரு வருஷம் முன்னாடி காட்டியது. கம்பெனியின் வருஷாந்திரப் பெரிய ஷோவான ரெஸில்மேனியா 40, பிலடெல்பியா, 2024 ஏப்ரல் 7. நமக்குத் திங்கள் காலை. ரோமன் ரெய்ன்ஸ் 1316 நாள் பட்டத்தோடு இருந்தவர். அவர் கையில் ஸ்டீல் நாற்காலி. ஒரு பக்கம் கோடி தள்ளாடி நிற்கிறார், அவரை அடித்தால் மேட்ச் முடிந்தது. இன்னொரு பக்கம் சேத் ராலின்ஸ், ரோமனோடு ஒரே அணியில் இருந்த காலத்துப் பழைய ஷீல்டு உடுப்பில். 2014 ஜூனில் ரோமனின் முதுகில் நாற்காலியால் அடித்து ஷீல்டை உடைத்த அதே ராலின்ஸ். ரோமன் ஒரு நொடி ரெண்டு பேரையும் பார்த்தார். பட்டத்தை மறந்தார், பத்து வருஷப் பகையை மறக்கவில்லை. நாற்காலி சேத் முதுகில் இறங்கியது. அந்த இடைவெளியில் கோடி எழுந்துவிட்டார்.

ஆபீசுக்குக் கிளம்பாமல் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தேன். கோடி ஜெயித்தது சந்தோஷம்தான். அதைவிட என்னை உலுக்கியது, ரோமன் தன் குணத்தாலேயே தோற்றார் என்பது. அடுத்த நாள் ஒருத்தர்கூட 'ரோமன் வீக்' என்று எழுதவில்லை.

இப்போது கோஃபி கிங்ஸ்டன். இதைச் சொல்லும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

கானாவில் பிறந்தவர். 2008லிருந்து கம்பெனிக்கு உழைத்தவர். 2019 பிப்ரவரியில் அடிபட்ட முஸ்தஃபா அலிக்குப் பதிலாக, கூண்டுக்குள் பல பேர் மோதுகிற எலிமினேஷன் சேம்பரில் நுழைத்தார்கள். அந்த வாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ரிங்கில் நின்று ஒவ்வொருத்தராகச் சமாளித்தார். யாரும் திட்டமிடாத அந்த அலையை ஜனங்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏப்ரல் 7, ரெஸில்மேனியா 35, டேனியல் பிரையனை ஜெயித்து உலகப் பட்டம் வாங்கினார். அவருடைய பையன்கள் ரிங்குக்குள் ஓடி வந்தார்கள். பதினோரு வருஷம் காத்திருந்த ஆள். நம் ஆபீஸ்களில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம், வேலையெல்லாம் தெரிந்தும் பிரமோஷன் லிஸ்ட்டில் பேர் வராமல் இருக்கிறவர்களை! அதனால்தான் அந்தக் காலைப்பொழுது சொந்த வீட்டு விசேஷம் மாதிரி இருந்தது.

அதே வருஷம் அக்டோபர் 4. கம்பெனியின் வாராந்திர ஷோவான ஸ்மாக்டவுன் புது சேனலுக்குப் போன முதல் ராத்திரி. எதிரே பிராக் லெஸ்னர். மணி அடித்தது, கோஃபி பாய்ந்தார், லெஸ்னர் தோளில் போட்டு எஃப்-5 என்கிற தன் வழக்கமான அடியை ஒரே ஒரு தடவை போட்டார், தோளை அமுக்கி மூணு எண்ண வைத்து பின் பண்ணிவிட்டார். பத்து விநாடி இருக்கும். கோஃபி எழுந்திருக்கும் முன்பே அடுத்த கதைக்காக லெஸ்னரின் அடுத்த எதிரி கெய்ன் வெலாஸ்க்வெஸ் நடந்து வந்துகொண்டிருந்தார். அடுத்த வாரங்களில் கோஃபி ஒன்றுமே நடக்காத மாதிரி டேக் டீமில் சிரித்துக்கொண்டு நின்றார். கோபம் கிடையாது, ரீமேட்ச் கேட்கவில்லை, 'எனக்கு வலிக்குது' என்று ஒரு வார்த்தை பேச மைக்கூட கொடுக்கவில்லை. லெஸ்னர் ஜெயிக்கணும் என்றால் ஜெயிக்கட்டும். பத்து நிமிஷம் போராடித் தோற்க விட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

அப்பாவுக்கு ரெஸ்லிங் ஆகாது. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில், மலை மந்திருக்குப் பின்னாடி இருந்தபோது, நானும் பக்கத்து வீட்டுப் பையன்களும் ட்ரம்ப் கார்டை விரித்துவைத்துக்கொண்டு அண்டர்டேக்கரின் உயரம் எடையெல்லாம் ஒப்பிப்போம். 'பொய்ச் சண்டைக்கு இவ்ளோ மனப்பாடம்' என்பார். ஆனால் தாராசிங் - கிங்காங் குஸ்தி என்றால் மட்டும் அவர் கண் விரியும். அது நிஜச் சண்டை என்பது கடைசிவரை அவர் கட்சி. தாராசிங் தூக்கி எறிந்த கதையை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். கிங்காங் என்கிற அந்த ஹங்கேரியக்காரர் மலைபோல் இருந்ததால்தான் தாராசிங் தாராசிங் ஆனார். தோற்றவர் பேரும் நம் ஊர்களில் அறுபது வருஷமாக வாழ்கிறது.

அப்பாவுக்குச் செய்யாறு பக்கம். பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர். நான் காலேஜ் படிக்கும்போது ஒருநாள் கேட்டேன், "முடிவு தெரிஞ்ச சண்டைய ஏம்ப்பா விடிய விடிய பாத்தீங்க? துரியோதனன் சாகப்போறான்னு கைக்கொழந்தைக்குக்கூடத் தெரியுமே?"

"தெரியும்டா. ஆனா துரியோதனன் வேஷத்துக்கு ஊர்லயே பெரிய ஆட்டக்காரனைத்தான் போடுவான். ராத்திரி பூரா அவன் ஆடணும். அவன் நல்லா ஆடலேன்னா விடியக்காலைல அவன் சாகற படுகளத்துக்கு யாரு வருவா?"

கோஃபியின் பத்து விநாடியைப் பார்த்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அப்பா அப்போது இல்லை.

இனி டெல்லி விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதணும் என்று எட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

3எம்பி என்கிற மூணு பேர் அணி ஞாபகம் இருக்கிறதா? ஹீத் ஸ்லேட்டர், ட்ரூ மெக்கின்டயர், ஜிந்தர் மஹால். கிடார் இல்லாமல் கிடார் வாசிக்கிற மாதிரி குதித்துவிட்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தோற்கிற மூணு பேர். 2014 ஜூன் 12 அன்று ஒரே நாளில் ட்ரூவையும் ஜிந்தரையும் வேலையை விட்டு அனுப்பினார்கள். ரெண்டு பேரும் வெளியே போய் உடம்பை மாற்றி, ஆளே மாறித் திரும்பி வந்தார்கள். ரெண்டு பேரும் உலக சாம்பியன் ஆனார்கள். ஜாபர்களாக, அதாவது தோற்பதற்கென்றே இருந்த ரெண்டு பேர் இப்படி உச்சிக்குப் போனது சாதாரண விஷயமா?

ஜிந்தர், கனடாவின் கால்கரியில் பிறந்த பஞ்சாபி. 2017 மே 21 அன்று ராண்டி ஆர்ட்டனைத் தோற்கடித்து உலகப் பட்டம் வாங்கினார். அதற்கு முந்தின மாசம்வரை அவர் வாரா வாரம் தோற்றுக்கொண்டிருந்தவர். இந்தியாவில் பார்க்கிற கூட்டத்தை மனசில் வைத்து அவசரமாக ஏற்றிவிட்டார்கள் என்பதுதான் அன்றும் இன்றும் என் எண்ணம். பரவாயில்லை, ஏற்றியாச்சு. ஆறு மாசம் பஞ்சாபியில் பேசவைத்து, நம் ஊர் ரெஸ்லர் கிரேட் காளியைக் கூட்டிவந்து, கொடி பறக்கவிட்டு வளர்த்தாச்சு. டிசம்பரில் டெல்லி ஷோ என்று அறிவிச்சாச்சு. உலகப் பட்டம் ஓர் இந்திய முகத்தோடு டெல்லிக்கு வரப்போகிறது என்று நானும் மாப்பிள்ளையும் (அதே அக்கா மகன்தான்) டிக்கெட் எடுத்தோம்.

நவம்பர் 7, மான்செஸ்டர். டெல்லிக்குச் சுமார் ஒரு மாசம் முன்னாடி, ஒரு சாதாரண ஸ்மாக்டவுனில், பட்டத்தை ஏஜே ஸ்டைல்ஸிடம் கொடுத்துவிட்டார்கள். ஸ்டைல்ஸ் அற்புதமான ஆட்டக்காரர், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் யாருக்காக அந்தக் கதையைக் கட்டினார்களோ அவர்கள் ஊருக்கு வருவதற்குள் கதையை முடித்துவிட்டார்கள்.

டிசம்பர் 9, சனிக்கிழமை. இந்திரா காந்தி இன்டோர் ஸ்டேடியம். ஐ.டி.ஓ பக்கம் ஆட்டோவை விட்டு இறங்கினால் புகைமூட்டம், கண் எரிச்சல். மாப்பிள்ளைக்கு அப்போது 19 வயசு, மூணாவது மப்ளரை அக்கா சுற்றி அனுப்பியிருந்தாள். உள்ளே போனதும் எல்லாம் மறந்துபோச்சு. கரோல்பாக், முனிர்கா, மயூர் விஹார் என்று நம் ஜனங்களும் கணிசமாக இருந்தார்கள், தமிழ் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

கடைசி மேட்ச்: ஜிந்தர், எதிரே ட்ரிபிள் ஹெச். 48 வயசு, வருஷத்துக்கு விரல்விட்டு எண்ணுகிற மேட்ச்கள் மட்டுமே போடுகிறவர். நான் உட்கார்ந்த பக்கம் முக்கால்வாசிப் பேர் ட்ரிபிள் ஹெச்சுக்குத்தான் கத்தினார்கள். நானும்தான். கம்பெனி இங்கேதான் எங்களைத் தப்பாகக் கணக்குப் போட்டது. கொடியைக் காட்டினால் கத்துவோம் என்று நினைத்தார்கள். ஸ்கூல் விட்டு ஓடிவந்து கேபிளில் பார்த்த முகத்துக்குத்தான் நாங்கள் கத்துவோம், அவர் எந்த ஊராக இருந்தாலும்.

எங்களுக்கு முன் வரிசையில் ஒரு சர்தார்ஜி, ஏழெட்டு வயசுப் பையனோடு. பையன் கையில் ஸ்கெட்ச் பேனாவில் குர்முகியில் எழுதின அட்டை. மேட்ச் முழுக்க நாற்காலிமேல் நின்று ஜிந்தர் பேரைக் கத்தினான். ட்ரிபிள் ஹெச் பின் போட்டார், ஜெயித்தார். பிறகு ரெண்டு பேரும் கைகொடுத்து பாங்க்ரா ஆடினார்கள். அரங்கமே எழுந்து ஆடியது. அந்தப் பையன் அட்டையைச் சுருட்டி அப்பா கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

திரும்பும்போது ஆட்டோவில் மாப்பிள்ளை கேட்டான், "அடுத்த வாரம் ஜிந்தருக்கு ஸ்டைல்ஸ்கூட டைட்டில் மேட்ச் இருக்கே மாமா? இங்கயே தோத்தவன் அங்க ஜெயிப்பான்னு யாரு நம்புவா?" எட்டு நாள் கழித்து, டிசம்பர் 17, பாஸ்டனில் ஜிந்தர் டேப் அவுட் பண்ணித் தோற்றார். டெல்லித் தோல்வியைப் பற்றி அதற்கப்புறம் கதையில் ஒரு பேச்சும் இல்லை. சொந்த மண்ணில் தோற்ற அவமானம் எவ்வளவு பெரிய கதை! அதை ஒரு டான்ஸில் கரைத்துவிட்டார்கள்.

இப்போது அதே 3எம்பியின் இன்னொரு ஆள். ட்ரூ மெக்கின்டயர் 2020ல் லெஸ்னரை ஜெயித்துப் பட்டம் வாங்கியபோது கொரோனா, கைதட்ட ஓர் ஆள் இல்லாத ஹால். 2024 ஏப்ரலில் ஜனங்கள் முன்னால் வாங்கினார், அஞ்சாறு நிமிஷத்தில் டேமியன் ப்ரீஸ்ட் பிடுங்கிக்கொண்டார். ஜூன் 15, கிளாஸ்கோ. ஸ்காட்லாந்துக்காரர் ட்ரூ, சொந்த ஜனம் முன்னால், அதே ப்ரீஸ்டோடு. ரெஃப்ரி விழுந்து கிடக்கிறார். ரெஃப்ரி சட்டையில் ஓடிவந்தது ட்ரூவின் பகையாளி சிஎம் பங்க். ஒண்ணு, ரெண்டு என்று தட்டிவிட்டு மூணாவதைத் தட்டாமல் கையை நிறுத்தினார். ட்ரூ தோற்றார்.

ஜிந்தரும் சொந்த ஊரில் தோற்றார், ட்ரூவும் சொந்த ஊரில் தோற்றார். ட்ரூவின் தோல்வியிலிருந்து அந்த வருஷத்தின் மிகச் சிறந்த பகை வளர்ந்தது. பங்க் தன் மனைவி பேரும் நாய் பேரும் கோத்துப் போட்டிருந்த கைக்கயிற்றை ட்ரூ பறித்து வைத்துக்கொண்டார். பட்டம் கிடையாது, ஒரு கயிறுக்காக ரெண்டு ஆம்பிளைகள் மூணு மேட்ச் ரத்தம் சிந்தினார்கள்: சம்மர்ஸ்லாம், பெர்லின், கடைசியாக அட்லாண்டாவில் ஹெல் இன் எ செல் என்கிற கூண்டு மேட்ச். மூணில் ரெண்டு ட்ரூ தோற்றார். யாராவது அவரைச் சின்ன ஆள் என்றார்களா? முன்னைவிடப் பெரியவராகத்தான் வெளியே வந்தார். ஜிந்தரை 2024 ஏப்ரலில் ரெண்டாம் தடவையாக வெளியே அனுப்பினார்கள்.

ட்ரூவுக்குத் திறமை அதிகம், அதனால் அவருக்குக் கதை அமைந்தது என்பார்கள் சிலர். திறமை வித்தியாசம் உண்மை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு தோல்விக்குக் காரணம் கொடுப்பதும், அடுத்த வாரம் அதை ஞாபகம் வைத்துக்கொள்வதும் எழுதுகிறவர்கள் வேலை. ரிங்கில் விழுகிறவர் அதைத் தானாகச் செய்துகொள்ள முடியாது.

மாப்பிள்ளைக்கு இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நேரில் உட்கார்ந்து சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி மாமா, ஆனா சீனா சிரிச்சிருக்கக் கூடாது" என்றான். அதில் மட்டும் நாங்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. உங்களுக்கு எப்படி இருந்தது, கமென்ட்டில் சொல்லுங்கள். கோஃபியை விட்டுக்கொடுத்து மட்டும் யாரும் பேசாதீர்கள்.