சங்கம் யாரும் போட்ட பிச்சை அல்ல

நம் ஊர் மகளிர் சங்க விழா மேடையில் பேசப்பட்டதையும், அதற்கு நான் எழுதிய பதிலின் கீழ் விழுந்த வசவுகளையும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். டுவாக்ரா சங்கங்கள், அதாவது பெண்கள் கூடிச் சேமித்துக் கடன் பெறும் சுய உதவிக் குழுக்கள், தன் கட்சித் தலைவர் பெண்களுக்குக் கொடுத்த கொடை என்றார் அந்தப் பேச்சாளர். நான், இந்தச் சங்க முறையை இங்கே வளர்த்தவர்களில் ஒருவரான பாகிஸ்தானியர் ஷோயப் சுல்தான் கானின் பெயரைச் சொன்னேன். உடனே என்னைத் தேசத்துரோகி என்றார்கள்.

கான் 1933இல் உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தில் பிறந்து, பாகிஸ்தானில் ஆட்சிப் பணியில் இருந்தவர். 1982இல் பாகிஸ்தானின் வடக்கே உள்ள கில்கித் மலைக் கிராமங்களுக்குப் போனபோது அவர் பணத்தை வாரி இறைக்கவில்லை. ஊரே ஒன்றுகூட வேண்டும், தவறாமல் சேமிக்க வேண்டும், வாய்க்காலோ பாதையோ எது முதலில் தேவை என்பதை மக்களே முடிவு செய்ய வேண்டும் என்றார்; அதன் பிறகே உதவி. 1992இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியாக அதே முறையை 1990களின் நடுவில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் அனந்தபூர், கர்னூல், மகபூப்நகர் மாவட்டங்களுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அந்த அனுபவத்தின் மேல்தான் 2000இல் ஆந்திர அரசின் வறுமை ஒழிப்புத் திட்டமான வெலுகு எழுந்தது. நம் சித்தூர் மாவட்டமும் அதில் முதலிலேயே சேர்ந்தது.

டுவாக்ரா 1982லேயே வந்துவிட்டதே, 1990களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா கிராமப் பெண்கள் சாராயத்தை எதிர்த்து எழுந்தபோது கான் எங்கே இருந்தார் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அந்தப் பெண்கள் போட்ட அடித்தளம் இல்லாமல் எதுவும் நின்றிருக்காது. ஆனால், அதுவும் யாரும் கொடுத்த கொடை இல்லையே! நான் சொல்வதும் அதைத்தான். பாகிஸ்தான்காரரைப் புகழலாமா என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. அனந்தபூர்ப் பஞ்சத்தில் வாடிய பெண்கள் அவருடைய கடவுச்சீட்டைக் கேட்கவில்லை.

என் அம்மா நகரியில் தறிக்குப் பாவு ஓட்டியவர். சங்கத்தில் சேர்ந்த பிறகு, வாரந்தோறும் பாயில் வட்டமாக உட்கார்ந்து, காசை நடுவில் வைத்து, கூட்டத் தீர்மானங்களை எழுதும் மினிட்ஸ் புத்தகத்தில் கைநாட்டு வைப்பார். சேட்டு அடகுக் கடையில் மூழ்கவிருந்த காதுத் தோட்டை முதல் கடனில் மீட்டார். தவணை தவறியவரிடம் ஏன் என்று கேட்டதும், அவருக்காக அவகாசம் கொடுத்ததும் அந்த வட்டம்தான். எந்த அதிகாரியும் அல்ல. அந்தப் பெண்கள் வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசை இன்னொருவர் தந்த தானம் என்று மைக் பிடித்துச் சொன்னால் எனக்கு வலிக்காதா?

இன்று அதே பெண்களைப் பொதுக்கூட்டத்துக்கு ஆள் சேர்க்கப் பேருந்தில் ஏற்றுகிறார்கள். வராவிட்டால் கடன் கிடைக்காது என்று மிரட்டவும் செய்கிறார்கள். என்னைத் திட்டியவர்கள் அவரவர் ஊர்ச் சங்கத்தின் மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்து, உறுப்பினர்கள் தாங்களாகக் கூடித் தீர்மானம் எழுதியது கடைசியாக எப்போது என்று பார்த்துவிட்டு வரட்டும். கானைப் பற்றிப் பிறகு பேசுவோம்.