சாமி கும்பிடவும் 30 பேர் தோள் வேண்டும்

ஈரானின் நக்ஷ்-இ ருஸ்தம் பாறைச் சிற்பங்களின் படங்களை யாராவது பகிர்ந்தால் உடனே ஒரு பேச்சு வரும். மேலே கல்லறையில் இருக்கிற பாரசீகப் பேரரசன் டேரியஸ் பக்திமான், அடக்கமானவன். கீழே சிற்பம் வெட்டிய, பல நூற்றாண்டு கழித்து ஆண்ட சாசானிய வம்ச அரசர்கள் வெறும் விளம்பரப் பிரியர்கள் என்று. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை.

பழைய பாரசீகத் தலைநகர் பெர்சிபோலிஸுக்குப் பக்கத்தில் செங்குத்தான ஒரு பாறை. அதில் நல்ல உயரத்தில் சிலுவை வடிவ முகப்போடு குடைந்த நான்கு கல்லறைகள், டேரியஸின் அகாமனிசிய வம்சத்தாருடையவை. கி.மு. 486இல் இறந்த முதலாம் டேரியஸின் கல்லறையை மட்டும்தான் கல்வெட்டை வைத்து உறுதியாகச் சொல்ல முடிகிறது. மற்றவை செர்க்சஸ், முதலாம் அர்தசெர்க்சஸ், இரண்டாம் டேரியஸ் ஆகியோருடையவை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. (இத்தனைக்கும் செர்க்சஸ், அப்பா டேரியஸின் கல்வெட்டு வாசகத்தைத் தன் பெயர் போட்டு வேறொரு கல்லில் அப்படியே வெட்டவைத்தவன். அது 1967இல் கிடைத்தது. பெயர் போட வேண்டிய இடத்தில் போடவில்லை, பாருங்கள்.)

டேரியஸின் கல்லறை முகப்பில், உச்சியில் அரசன் நிற்கிறான். ஒரு கையில் வில், மறு கை வணங்க உயர்ந்திருக்கிறது. எதிரே தீ எரியும் பீடம். மேலே சிறகு விரித்த உருவம். பாரசீகரின் பெருங்கடவுள் அகுரா மஸ்தா என்று பலர் சொல்கிறார்கள். அமைதியான காட்சிதான். கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினால் கதை மாறுகிறது. அவன் நிற்பது ஒரு பெரிய மேடை மேல். அதைத் தூக்கிப் பிடித்திருப்பவர்கள் 30 பேர், ஆளுக்கு ஒரு நாடு, ஆளுக்கு ஒரு உடை. காந்தாரத்தான் இருக்கிறான், சிந்து சமவெளிக்காரனும் இருக்கிறான். நான் ஆண்ட நாடுகள் எத்தனை என்று தெரிய வேண்டுமானால் அரியணையைத் தாங்குகிறவர்களைப் பார் என்று கல்வெட்டே சொல்கிறது. இதில் அடக்கம் எங்கே இருக்கிறது?

கல்வெட்டின் இன்னொரு பகுதியில் டேரியஸ், நான் முன்கோபி அல்ல, கோபத்தை அடக்கி ஆள்கிறவன் என்கிறான். வலியவன் எளியவனுக்குத் தீங்கு செய்வது எனக்குப் பிடிக்காது, எளியவன் வலியவனுக்குச் செய்வதும் பிடிக்காது என்கிறான். அந்த இரண்டாவது பாதியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பாரசீக அரண்மனையில் பின்னாளில் மருத்துவராக இருந்த கிரேக்கர் க்டீசியஸ் ஒரு கதை சொல்கிறார். கல்லறையைப் பார்க்க ஆசைப்பட்ட டேரியஸின் பெற்றோரைக் கயிறு கட்டி மேலே இழுத்தார்களாம். பாம்பைக் கண்ட பயத்தில் இழுத்தவர்கள் கயிற்றை விட, இருவரும் விழுந்து இறந்தார்களாம். இழுத்த 40 பேரின் தலையும் போனதாம். க்டீசியஸ் நன்றாகவே கதை அளப்பவர், முழுசாக நம்ப வேண்டாம். ஆனாலும் அந்தக் கல்வெட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய கதை.

சரி, சாசானியருக்கு வருவோம். சுமார் 700 ஆண்டு கழித்து வந்த அர்தஷீர், குதிரை மேல் இருந்தபடி, எதிரே அதே உயரத்தில் குதிரை மேல் இருக்கும் கடவுளிடமிருந்து ஆட்சி வளையத்தை வாங்குகிறான். அவன் குதிரையின் காலடியில் தோற்ற பார்த்திய மன்னன் அர்தவான். கடவுளின் குதிரையின் காலடியில் தீமையின் வடிவான அஹ்ரிமான். என் எதிரியும் கடவுளின் எதிரியும் ஒன்றுதான் என்று எழுத்தில் சொல்லாமல் சிற்பத்திலேயே சொல்லிவிட்டான்! அவன் மகன் ஷாபூர் கி.பி. 260இல் ரோமப் பேரரசன் வலேரியனை உயிரோடு பிடித்ததைக் காட்டுகிறான். கூடவே மண்டியிட்டு நிற்கும் இன்னொரு ரோமன், பேரரசன் பிலிப் என்று பலர் கருதுகிறார்கள். கொடூரம்தான். ஆனால் மிதிபட்டவன் மிதிபட்டவனாகத் தெரிகிறான். டேரியஸின் பாறையில் சுமக்கிறவர்கள் யார் முகத்திலும் சுமையே தெரியாது. எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது.

மக்கள் இதையெல்லாம் மறந்து, பாரசீகக் காவிய வீரன் ருஸ்தமின் படங்கள் என்று நினைத்துவிட்டார்கள். 'நக்ஷ்-இ ருஸ்தம்' என்ற பெயரே அப்படி வந்ததுதான்.

இந்தப் பாறையில் எனக்குப் பிடித்தது அரசன் எவனும் இல்லை. அகாமனிசியருக்கும் முன்னால், ஈரானின் தென்மேற்கில் இருந்த பழைய ஈலம் (Elam) நாட்டுக்காரர்கள் இங்கே ஒரு வழிபாட்டுக் காட்சியைச் செதுக்கியிருந்தார்கள். சாசானிய அரசன் இரண்டாம் பஹ்ராம் அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே இடத்தில் தன்னையும் தன் அவையையும் வெட்டவைத்தான். கொத்தனின் உளி ஓரம் வரைக்கும் போகவில்லை. அங்கே ஈலமியன் ஒருவன் இன்னும் நிற்கிறான்.